ஜீவரத்தினம் சாரும் நெருஞ்சியும்

சித்தூர் வெயிலில் புல்தரை வளர்ப்பவர்களை எனக்குப் பிடிக்காது. குடிக்கிற தண்ணீருக்கு லாரி வராதா என்று தெருவே குடத்தோடு நிற்கும்போது, பக்கத்து வீட்டில் ஒரு மனிதர் குழாயைப் பிடித்துக்கொண்டு புல்லுக்கு நீர் பாய்ச்சினால் யாருக்குத்தான் வயிறு எரியாது. எங்கள் கிரீம்ஸ்பேட்டைத் தெருவுக்கு ஜீவரத்தினம் சார் வீடு கட்டிக்கொண்டு வந்த புதிதில், காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப்பக்கம் நின்று நேராகவே கேட்டேன்.

"இன்னா சார், இங்க இன்னா கிரிக்கெட்டா ஆடப்போறீங்க?"

"எனக்கு இல்லம்மா. கிரேஸுக்கு," என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. அவர் எப்போதுமே அப்படித்தான், கேட்டதற்கு ஒரு வரி.

முப்பத்தொரு வருஷம் மாங்கூழ் ஃபேக்டரியில் தரம் பார்க்கிற வேலை செய்தவர். கூழை ஒரு கரண்டி எடுத்துக் கண்ணாடித் தட்டில் பரப்பி, அடியில் விளக்கைப் போட்டு, கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொன்ன கணக்குக்கு ஒன்று கூடினாலும் அந்தப் பேரல் மொத்தமும் ரிஜெக்ட். அந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. என் வீட்டுக்கு ஒருநாள் சாப்பிட வந்தவர், சோற்றைப் பிசைவதற்கு முன்பே ஒரு கல்லை எடுத்து இலையோரம் வைத்தார். எனக்கு மானம் போனது.

அவர் மனைவி கிரேஸக்கா மிஷன் ஸ்கூல் ஹாஸ்டலில் வார்டனாக இருந்து ரிடையர் ஆனவர். கண்டிப்பு, பிடிவாதம், பெரிய குரல், எல்லாம் உண்டு. அந்தப் புல்தரை அவருக்கு ஜெபம் பண்ணுகிற இடம். தினமும் காலை ஐந்தரை மணிக்கு அதில் நடந்துகொண்டே ஜெபிப்பார், வெறுங்காலோடு. அவர்களுக்கு ஒரே மகள், ஹன்னா. கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள், குழந்தை இல்லை. அவளுக்கு ஒரு குழந்தை தங்கும்வரை ஒருநாள்கூடத் தவறாமல் அந்தப் புல்லில் வெறுங்காலோடு நின்று கேட்பேன் என்று கிரேஸக்கா பொருத்தனை செய்திருந்தார். அதற்கு ஆறு வருஷம் ஆகிறது.

"செருப்போட ஜெபிச்சா காதுல விழாதா?" என்று ஒருமுறை கிண்டலாகக் கேட்டேன்.

"நீ கோயிலுக்குள்ள செருப்போட போவியா மனோ?" என்றார்.

கிரேஸக்காவுக்குச் சர்க்கரை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், மொசைக் தரையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக ரத்தத் திட்டு இருப்பதை ஜீவரத்தினம் சார் பார்த்தார். அது எங்கிருந்து வந்தது என்று கிரேஸக்காவுக்கே தெரியவில்லை. இடது காலின் விரலிடுக்கில் நெருஞ்சிக் காய் ஒன்று பதிந்திருந்தது, மூன்று நாளாக. அதை வைத்துக்கொண்டே சமைத்திருக்கிறார், கடைக்குப் போயிருக்கிறார். வேலூர் ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். இரண்டு காலிலும் உணர்ச்சி போய்விட்டது, அடுத்த தடவை விரலோடு நிற்காது, வீட்டுக்குள்ளும் செருப்பு போட்டுத்தான் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

கிரேஸக்கா டாக்டர் சொன்னதைக் கேட்டார். சமையலறையில் செருப்பு, பாத்ரூமில் செருப்பு, கட்டிலடியில் செருப்பு. காலை ஐந்தரை மணிக்கு மட்டும் அதைப் படிக்கட்டில் கழற்றி வைத்துவிட்டுப் புல்லில் இறங்கினார்.

அன்றிலிருந்துதான் ஜீவரத்தினம் சாருக்கும் நெருஞ்சிக்கும் சண்டை. நெருஞ்சியைப் பார்க்காதவர்கள் இருக்கமாட்டார்கள். தரையோடு தரையாகப் படரும். சின்ன மஞ்சள் பூ, பார்க்க அழகாகவே இருக்கும். பூ காய்ந்தால் காய், காய்க்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் முள். செடி பச்சையாக இருக்கும்போதே பிடுங்கிவிட்டால் தொல்லை இல்லை. ஆனால் ஒரு செடி காய்த்து உதிர்த்துவிட்டால் அந்த விதை மண்ணுக்குள் கிடந்து, எந்த வருஷ மழைக்கு எழுந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அவர் புல்தரையைச் சணல் கயிறு கட்டி நாற்பத்திரண்டு கட்டமாகப் பிரித்தார். நாளுக்கு ஆறு கட்டம். நின்று பார்த்தால் புல்லுக்குள் ஒளிந்திருப்பது தெரியாது என்று குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்ப்பார். நுனியில் கிள்ளாமல் ஆணிவேரோடு இழுப்பார். அது முடிந்ததும் பழைய கம்பளி ஒன்றை நனைத்துப் புல்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக்கொண்டு போவார். உதிர்ந்து கிடக்கிற காயெல்லாம் கம்பளியில் ஒட்டிக்கொண்டு வரும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்து எண்ணுவார். கடைசியாகத் தானே செருப்பைக் கழற்றிவிட்டுப் புல் முழுவதும் கால் தேய்த்து நடப்பார்.

"எனக்குக் கால்ல உணர்ச்சி கீதும்மா. எனக்குக் குத்தட்டும், எடுத்துடறேன்," என்றார்.

இவ்வளவும் விடிவதற்குள், ஐந்தரை மணிக்குள். முதல் நாள் கம்பளியில் நூற்று நாற்பது. ஆறு மாதத்தில் முப்பது, இருபது என்று இறங்கியது. காலையில் நான் கோலம் போட வந்தால் சுவர்மேலாக எட்டி, "இன்னைக்குப் பதினொன்னு," என்பார். பரீட்சை மார்க்கைச் சொல்கிற பிள்ளைபோல் இருக்கும். நானும் "பர்வாலேது சார்" என்பேன். மழை பெய்த மறுவாரம் மறுபடியும் எழுபது, எண்பது.

ஒருநாள் ஒரு செடியைப் பிடுங்கி டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு திருப்பதிக்குப் பஸ் ஏறிப்போனார். அங்கே பயிர் படித்த ஒரு அம்மாவைப் பிடித்துக் காட்டியிருக்கிறார். "பல்லேருவா? மந்து கொட்டண்டி சார்," நெருஞ்சிதானே, மருந்தடியுங்கள் என்று அந்த அம்மா ஒரு பேரை எழுதிக் கொடுத்திருக்கிறார். இவர் கேட்ட கேள்வி ஒன்றுதான், மருந்தடித்த புல்லில் மறுநாள் காலை வெறுங்காலோடு நடக்கலாமா, காலில் ஆறாத வெடிப்பு இருந்தால் பரவாயில்லையா. அந்த அம்மா பேனாவை மூடிவிட்டாராம். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்துத்தான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், நான் அந்த யோசனையைச் சொன்னேன்.

நான் ராமகுப்பம் பக்கத்தில் பயிர்வைக்கிற வீட்டில் பிறந்தவள். அங்கே அறுப்பு முடிந்த கொல்லையில் ஆடு மடக்குவார்கள். ராத்திரி முழுக்க ஆடு அடைந்து கிடந்தால் எரு ஆகும், களையும் மேய்ந்து போகும். இளநெருஞ்சியை ஆடு விடாது. அதைத்தான் சொன்னேன். குடிபாலாவில் பக்ரீதுக்கென்று ஆடு வளர்க்கிற இஸ்மாயில் எனக்குத் தெரிந்த ஆள். அவரே டெம்போவில் பன்னிரண்டு ஆட்டைக் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு பகல், இரண்டு இரவு. சுரண்டி வைத்ததுபோல் மேய்ந்துவிட்டுப் போயின.

பத்து நாள் கம்பளியில் ஒன்றுகூட வரவில்லை. ஜீவரத்தினம் சார் பேக்கரியிலிருந்து பிளம் கேக் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். "இந்த யோசனை ரெண்டு வருஷம் முன்னாடி தெரியாம போச்சேம்மா," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்து வந்த மழைக்கு, நெருஞ்சி அதுவரை எட்டிப் பார்க்காத கட்டத்தில் எல்லாம் முளைத்தது. இருநூறு, முந்நூறு. அப்போதுதான் இஸ்மாயிலுக்குப் போன் போட்டு ஆடு எங்கே மேய்கிறது என்று கேட்டேன். "ஆத்துல தான் மேடம், கரையோரமா. அங்க மொத்தம் நெருஞ்சிதான், நல்லா துன்னும்," என்றார் அந்த மனிதர். காய் குளம்பிடுக்கில் சிக்கி வந்திருக்கிறது. டெம்போவில் விரித்த சாக்கிலும் வந்திருக்கும். பன்னிரண்டு ஆடு, நாற்பத்தெட்டு குளம்பு, இரண்டு நாள் மிதித்து மிதித்து மண்ணுக்குள் இறக்கிவிட்டுப் போயிருக்கின்றன. தலையில் அடித்துக்கொண்டேன்.

அவரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "நீங்க நல்லதுக்குத்தானேம்மா சொன்னீங்க," என்றார். கண் மட்டும் என்னைப் பார்க்கவில்லை, புல்லையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அவர் எண்ணிக்கை சொல்வதை நிறுத்திவிட்டார்.

அதற்குப்பின் அவர் செய்ததெல்லாம் ஒரு மனிதன் வேறு வழியில்லாமல் செய்கிறவை. நாளுக்கு ஆறு கட்டம் போய்ப் பன்னிரண்டு ஆனது. மூன்று மணிக்கே எழுந்துவிடுவார். முழங்கால் வீங்கி, மாடிப்படி ஏற முடியாமல், ஹாலிலேயே பாயைப் போட்டுக்கொண்டார். கிரேஸக்காவிடம் காலுறையாவது போட்டுக்கொள் என்று கெஞ்சினார். அதுவரை அந்த வீட்டில் சண்டைச் சத்தம் கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டது.

"உனக்கு உன் கால் வேணாமா?"

"கால் குடுத்தவர்கிட்டதான் நிக்கறேன். அவருக்குத் தெரியும்."

"எனக்கு வேணும் கிரேஸ். உன் கால் எனக்கு வேணும்," என்றார் அவர். நான் எங்கள் ஜன்னலைச் சாத்தினேன். கேட்டுக்கொண்டு நிற்க எனக்கே வெட்கமாக இருந்தது.

சர்ச்சு ஐயரிடம் போய், பொருத்தனையிலிருந்து அவளை விடுவியுங்கள் என்று கேட்டார். அது அந்த அம்மாவுக்கும் தேவனுக்கும் நடுவில் உள்ளது, நான் எப்படிக் கையை நுழைப்பது என்றார் ஐயர். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜீவரத்தினம் சார் போனும் கையுமாக என் வீட்டுக்கு வந்தார். வீட்டில் சிக்னல் இல்லை என்றார். பொய் என்று தெரிந்தது, உட்காரச் சொன்னேன். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் ஹன்னா பேசியது முழுவதும் எனக்கும் கேட்டது.

"ஹன்னாம்மா, அம்மாகிட்ட ஒரு பொய் சொல்லணும் நீ."

"இன்னா நைனா?"

"முழுகாம கீறேன்னு சொல்லிடு. ரெண்டு மாசம் போனதும் தங்கலன்னு சொல்லிக்கலாம். அதுக்குள்ள அம்மாவுக்குச் செருப்பு பழகிடும்."

அறுபத்தெட்டு வயசில், பெற்ற மகளிடம், அதுவும் இந்த விஷயத்தில் இப்படி ஒன்றைக் கேட்க அந்த மனிதருக்கு எப்படி நாக்கு எழுந்தது என்று எனக்குக் கோபமாக வந்தது. அவருக்கும் தெரியும். மேஜைமேல் விரித்த பிளாஸ்டிக் துணியின் ஓரத்தை நகத்தால் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

"நைனா, நாங்க ட்ரீட்மென்ட் நிறுத்தி மூணு வருஷம் ஆச்சு," என்றாள் ஹன்னா. "இனிமே வேணாம்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம். எங்களால முடியல. நீங்க கேக்கற பொய்யை என்னால சொல்ல முடியாது. நெசத்தைச் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்ல. அம்மா தாங்காது."

போனை வைத்துவிட்டு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். குழந்தை வராது. வராதென்றால் பொருத்தனை முடியாது. பொருத்தனை முடியாதென்றால் கிரேஸக்கா சாகும்வரை தினமும் அந்தப் புல்லில் இறங்குவார். இதை அவரும் யோசித்தார், நானும் யோசித்தேன்.

"சொல்லிடுங்க சார். நெசத்தைச் சொல்லிடுங்க," என்றேன்.

"சொன்னா கால் பொழைக்கும். கிரேஸ் பொழைக்குமா?" என்று கேட்டார். காபி கலந்து கொடுத்தேன், குடிக்காமல் எழுந்து போனார்.

சொல்லவில்லை. ஒரு மாதம் போனது. அந்த மாதத்தில் அவரை நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. ஒன்று படுத்திருப்பார், இல்லை குனிந்திருப்பார். ஒரு புதன்கிழமை தானாகவே கூப்பிட்டு, "மனோரமாம்மா, இன்னைக்கு ஒன்னுகூட இல்ல," என்றார். கம்பளியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக் காட்டினார். முகத்தில் பழைய சிரிப்பு.

அந்தச் சனிக்கிழமையே கிரேஸக்காவின் காலில் வாடை வந்தது.

தினமும் சாயங்காலம் அவர்தான் பேசினில் வெந்நீர் வைத்து அந்தக் காலைக் கழுவி, கண்ணாடி போட்டு, டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒரு நாளும் தவறியதில்லை. இடது குதிகாலில் பித்தவெடிப்பு, அந்த வெடிப்பின் ஆழத்தில் ஒரு முள் முனை ஒடிந்து உள்ளே போயிருக்கிறது. மேல்தோல் மூடிக்கொண்டது. புதன்கிழமையா, அதற்கு முன்னாலா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அவர் பார்த்தபோது குதிகால் முழுக்கக் கறுத்திருந்தது.

வாடகைக் கார் பிடித்து வேலூருக்குப் போனோம், நானும் கூடவே ஏறிக்கொண்டேன். கிரேஸக்காவின் காலைத் தன் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டு அவர் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். குடிபாலா தாண்டும்போது ரோட்டோரம் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. நான் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"முப்பத்தொரு வருஷம் கறுப்புப் புள்ளி பார்த்தவன்ம்மா நான்," என்றார் யாரையும் பார்க்காமல். "மூணு நாள் கையில வெச்சிக்கினு பார்க்காம விட்டுட்டேன்."

முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டும் என்றார் டாக்டர், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே. உள்ளே தள்ளிக்கொண்டு போவதற்கு முன் வார்டில் அரைமணி நேரம் கொடுத்தார்கள். அப்போதுதான் அவர் சொன்னார். இதற்குமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஹன்னா ட்ரீட்மென்ட்டை நிறுத்தியது, வேண்டாமென்று முடிவு பண்ணியது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். "இனிமே நீ நடக்க வேணாம் கிரேஸ். கேக்கறதுக்கு ஒன்னும் இல்ல," என்றார்.

கிரேஸக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றார். "மாப்பிள்ளை சொல்லிட்டார். விரல் எடுக்கறதுக்கு முன்னாடி கிறிஸ்மஸுக்கு வந்தாங்க இல்ல, அப்ப. ஹன்னாவுக்குத் தெரிய வேணாம்னு கேட்டுக்கினார்."

ஜீவரத்தினம் சார் கம்பியை விட்டார். "தெரிஞ்சுமா நடந்த? இத்தினி நாளும்?"

"வேணாம்னு சொன்னது அவங்க. நான் கேட்டது அவங்களை இல்லயே," என்றார் கிரேஸக்கா. குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை, ஹாஸ்டல் பிள்ளைக்குப் பாடம் சொல்கிற குரல். பிறகு அவர் கையை இழுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். "நீங்க அழாதீங்க."

எனக்கு அந்த நிமிஷம் கிரேஸக்காமேல் வந்த கோபத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. நோயாளி என்றும் பார்க்காமல் உலுக்கிக் கேட்கவேண்டும்போல் இருந்தது. இந்த மனிதர் உனக்காகத் தரையோடு தரையாகக் கிடந்தாரே, அது உன் கண்ணில் படவே இல்லையா என்று. கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

ஹன்னா வந்து அம்மாவோடு இருந்தாள். பதின்மூன்றாம் நாள் காலை, துணிமணி எடுத்துப்போக ஜீவரத்தினம் சார் சித்தூருக்கு வந்திருந்தார். நடுவில் இரண்டு மழை பெய்திருந்தது. கதவு திறந்த சத்தம் கேட்டு, சோறு கட்டிக் கொடுக்கலாம் என்று நான் போனேன். வீட்டுக்குள் ஆள் இல்லை. பை வாசலில் இருந்தது, துணி ஒன்றும் அதில் வைக்கவில்லை. அவர் புல்தரையில் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பக்கெட் ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

"சார், இனிமே எதுக்கு சார் இது? விடுங்க," என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் நிமிரவில்லை.

"வலது கால் கீதேம்மா," என்றார். "வந்த மறுநாளே கட்டையை ஊனிக்கினு இங்க வந்து நிக்கும். செருப்பு போடுன்னா போடாது. திங்கக்கிழமை வீட்டுக்கு அனுப்பறாங்க."

அன்று வெள்ளிக்கிழமை. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவருக்கு எதிர்க் கட்டத்தில் உட்கார்ந்தேன். கையை வைத்த இடத்திலெல்லாம் நெருஞ்சி இருந்தது.